வெள்ளை மேலே, பச்சை முன்னே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அன்று அது முழுக்க என்மேலேயே வந்தது.

வண்ணக் கட்டங்களைத் திருப்பிச் சேர்க்கும் கியூப் புதிருக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க, அம்மாவுக்காகக் கணினியில் ஒரு டைமர் எழுதியிருந்தேன். திறந்தால், எந்தப் பக்கத்தை எப்படித் திருப்பிக் கலைக்க வேண்டும் என்று இருபது திருப்பங்கள் வரிசையாக வரும். கலைத்து முடித்த கியூபின் படம் கீழே விரிந்து நிற்கும். வெள்ளை மேலே, பச்சை முன்னே பிடித்துக் கலைத்தால் படத்தோடு ஒத்துப்போகும்.

தையல்கடை வைத்திருக்கும் அம்மா ஐம்பத்தாறு வயதில் கியூப் போட்டிக்குப் போகிறாள் என்றதும் அண்ணன் சிரித்தான். ஒரு நிமிடத்துக்குள் சேர்ப்பவர்களுக்குத்தான் இடம். இரண்டு வாரப் பயிற்சியில் அம்மா ஐம்பத்தைந்து விநாடிக்கு வந்திருந்தாள். பெயர் கொடுக்க அன்று மாலை ஐந்து மணியோடு சரி.

நான்கு மணிக்கு டைமரைத் திறந்தேன். முந்தின நாள் வந்த அதே கலைப்பு. மூடித் திறந்தேன், மறுபடியும் அதுவே.

கணினிக்குத் தொடக்கமாக ஒவ்வொரு முறையும் ஒரு புது எண் வேண்டும். அதிலிருந்துதான் கலைப்புகளை உருவாக்கும். சோதித்துப் பார்க்க ஏழு என்று நிறுத்திவைத்தவள், எடுக்க மறந்துவிட்டேன். திறக்கும்போதெல்லாம் அதே கலைப்புகள், அதே வரிசையில்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

மடிக்கணினியோடு கடைக்கு ஓடினேன். "அம்மா, நீ போட்ட டைம் எல்லாம் பொய்ம்மா. தினம் ஒரே கலைப்பத்தான் சேத்திருக்க. தப்பு என்னுது."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அது ரெண்டாம் நாளே தெரியுமே."

"என்னது?"

"துணியில பூ எங்க திரும்பி வருதுன்னு பாத்துப் பாத்து வெட்டுறவ. அதே படம் வந்தா தெரியாதா? சொன்னா வள்ளுன்னு விழுவ. அதான் படத்த விட்டுட்டேன். ஒரு நாள் சிவப்பு மேல, ஒரு நாள் மஞ்சள் மேல, முன்பக்கத்தையும் மாத்தி மாத்திப் புடிச்சுக் கலைச்சேன்."

அம்மா எப்போதும் வெள்ளையிலிருந்துதான் சேர்க்கத் தொடங்குவாள். பிடியை மாற்றினால் வெள்ளைத் துண்டுகள் தினமும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும். அத்தனை விநாடிகளும் நியாயமானவை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த ஏழு என்ற எண்ணை எடுத்தெறிந்தேன். புதுக் கலைப்பு வந்தது. வெள்ளை மேலே, பச்சை முன்னே. அம்மா சேர்த்து முடித்தபோது ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று விநாடி.

"இந்த டைமையே போடு," என்றாள்.

"இனிமே தப்பப் பாத்தா உடனே சொல்லிடும்மா. சத்தியமா வள்ளுன்னு விழமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை போட்டி. அது வரைக்குமாவது தாங்குவியா?"

மூக்கு நுனியைத் தேய்த்துக்கொண்டே அம்மாவின் பெயரை அனுப்பினேன்.