வாத்துக்குக் கிடைத்த எச்சரிக்கை

ஏசுபாதம் ஐந்தாவது தும்மலைத் தும்மிவிட்டு சைக்கிளுக்குக் காற்றடித்தான். கார்த்திகை மழையில் மூன்று நாள் வயல் வரப்பெல்லாம் சுற்றியதன் பலன் அது. மூக்கு சிவந்து, கண் கலங்கி, பார்க்கிறவர்களுக்கு அழுதுகொண்டே வேலைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

"இன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டா இன்னாடா? ஆபீசு ஓடிப்பூடுமா?" என்றாள் அக்கா ஞானம்பாள் அடுப்படியிலிருந்து.

"மதுராந்தகத்துல மீட்டிங்கு யக்கா. போவலன்னா பேஜாராப் பூடும்."

அக்கா மகள் பாப்பாவுக்கு ஏழு வயது. அவன் சட்டைப் பையில் கைக்குட்டையைச் செருகிவிட்டு, "மாமா, மூக்க சிந்தினே போ, யாரும் பாக்க மாட்டாங்க" என்று தைரியம் சொன்னாள்.

"சாயங்காலம் சீக்கிரமா வந்துடு. நண்டு ரசம் வெச்சி வெக்கிறேன். சுடச்சுட ஒரு கிண்ணம் குடிச்சா சளியெல்லாம் கரைஞ்சி பூடும்" என்றாள் ஞானம்பாள்.

"சரி யக்கா" என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை மிதித்தான். எந்த வயலில் நண்டு பிடிக்கப் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கென்றே சர்க்கார் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது.

ஏசுபாதம் கிராம சேவக். எந்த விதை விதைப்பது, எந்த உரம் போடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து அடிப்பது என்று விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்கிற உத்தியோகம். படாளத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் காலனியில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். அப்பன் பாட்டன் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர்கள். ஞானம்பாள் இன்றைக்கும் நடவுக்கும் களைக்கும் போகிறவள்தான். அவள் புருஷன் துரை கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை வருவான். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் சின்ன வயதில் சாப்பிட்ட கறியெல்லாம் அவள் வயலில் பிடித்து வந்த நண்டும் குறவை மீனும்தான்.

அவனை வேலையில் சேர்ப்பதற்கு முன் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் டின் மருந்துகளுக்கு இரண்டு மாதம். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் பூச்சி பிடிக்கும் விளக்குப் பொறிக்கும் சேர்த்து அரை நாள். அந்த அரை நாளும் பாடம் நடத்தியவரே இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேல் குற்றமில்லை. இந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் மருந்தடித்தாய் என்று கேட்கத்தான் மேலே ஆட்கள் இருந்தார்கள். எத்தனை ஏக்கர் அடிக்காமலே காப்பாற்றினாய் என்று கேட்க ஒருவரும் இல்லை.

அவன் தும்மிக்கொண்டே மதுராந்தகத்துக்குக் கிளம்பியது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வாசுதேவ முதலியாரின் நாலு ஏக்கரில் மருந்தடிக்கிற செயல்விளக்கம். ஐ.ஆர். இருபது நெல், புகையான் பூச்சி விழுந்து அங்கங்கே கருகத் தொடங்கியிருந்தது. ஏசுபாதமும் ஆபீசிலிருந்து வந்த இரண்டு ஆட்களும் எண்டிரின் என்கிற பூச்சி மருந்தை அடித்தார்கள். முடிந்ததும் முதலியார் தன் வீட்டு முற்றத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நாற்காலி! அவன் அப்பன் அந்த வீட்டின் பின்வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஏசுபாதம் அதில் உட்கார்ந்தான். முதுகு நேராக நிமிர்ந்தது. பயிற்சியில் மனப்பாடம் செய்ததைக் கணீரென்று சொன்னான்.

"ஏழு நாளைக்கு மாட்டை வயல்ல விடக் கூடாதுங்க. வாத்து, கோழி எதையும் விடாதீங்க. வயல்ல கீற மீனு, நண்டு எதையும் சாப்பிடக் கூடாது. விஷம் அதுங்க ஒடம்புல ஏறியிருக்கும்."

"ஏழு நாளா? சரிப்பா, வாத்தை இன்னிக்கே கூண்டுல அடைச்சிடச் சொல்றேன்" என்றார் முதலியார். நல்ல மனுஷர்தான். சொன்னபடி அடைத்தும் விட்டார். ஏசுபாதத்தின் ஆபீஸ் நோட்டில் 'விவசாயிக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வயலுக்கு அறுநூறு அடி தூரத்தில் காலனி. நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன ஏசுபாதம், கை கால் கழுவி, அக்கா போட்ட சோற்றைத் தின்று படுத்தான். ஆபீஸ் பேச்சை அவன் வீட்டில் பேசுவதில்லை. காலனியில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை, அதனால் நோட்டில் அவர்கள் பெயருக்கு இடமும் இல்லை. நண்டு பிடித்தே வளர்ந்தவனுக்கு நண்டு பிடிக்கிறவர்களின் ஞாபகம் வரவில்லை. படித்த படிப்பு அந்த அளவுக்கு அவனை மாற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதுராந்தகம் கூட்டத்தில் விவசாய அதிகாரி சதாசிவம் அவன் நோட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "எச்சரிக்கை சொல்லி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கியிருக்கிற ஒரே ஆள் ஏசுபாதம்தான். நீங்களும் இருக்கீங்களே!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவன் எழுந்து நின்று ஒரு தும்மல் போட்டான். அதற்கும் சிரித்துக் கை தட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலிலேயே மிளகும் பூண்டும் மணத்தன. அடைத்திருந்த மூக்குக்கே அந்த மணம் ஏறியது. பாப்பா சுவரில் சாய்ந்து ஒரு நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓடுகள் குவிந்து கிடந்தன.

"கொஞ்சம் பொறு, மாமா வரட்டும்னேன், கேக்கல. சட்டி நண்டுல பாதிய அவளே முடிச்சிட்டா" என்று சிரித்தபடி ஞானம்பாள் கிண்ணத்தை நீட்டினாள். "எனக்கும் பசி தாங்கல, ரெண்டு வாய் குடிச்சேன். நீ குடி, ஆறிடப் போவுது."

கிண்ணத்தின் சூடு கைக்கு இதமாக இருந்தது. ஊதினான்.

"இன்னிக்கு ஒரு அதிசயம்டா தம்பி. வளைக்குள்ள கையே விடல, ஒரு கடி வாங்கல. எல்லாம் வரப்பு மேல தானா ஏறி வந்து குந்திகினு கீது. தொட்டாக்கூட ஓடல. கூடையில அள்ளிகினு வந்தேன். நம்ம மாரியம்மா, காசியம்மா வூட்டுக்கெல்லாம்கூட குடுக்கலாம்னு பாத்தேன், இருட்டறதுக்குள்ள ரசம் வெக்கணுமேன்னு வந்துட்டேன்."

ஏசுபாதம் ஊதுவதை நிறுத்தினான்.

"எந்த வயலு யக்கா?"

"மொதலியாரு வயலுதான். நீ மருந்தடிச்சியே, அதான்."

"மாமா," என்றாள் பாப்பா, விரலை நக்கிக்கொண்டே, "மொதலியாரு வாத்தெல்லாம் கூண்டுக்குள்ளயே கீது. எதுக்கு மாமா வெளிய உடல?"

கிண்ணம் அவன் கையிலிருந்து விழுந்தது. "துப்பு! பாப்பா, துப்பு!" என்று கத்திக்கொண்டு அவள் வாயில் விரலை விட்டான். குழந்தை பயந்து அழுதது. பாதி வாந்தி எடுத்தது. மீதி உள்ளே போய் நேரமாகியிருந்தது. அழுதுகொண்டே இருந்த குழந்தைக்குத் திடீரென்று தாடை இறுகி, கையும் காலும் வெட்டி இழுத்தன.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடினான். ஞானம்பாள் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஒரு நெல் லாரி நின்றது. "டாக்டராண்ட மருந்து பேரச் சொல்லணும், மருந்து பேரச் சொல்லணும்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தான். மருந்தின் பேர் அவனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதும் தெரியும். லாரி மதுராந்தகம் ஏரிக்கரைக்கு வந்தபோது பாப்பாவின் இழுப்பு நின்றது. தூங்கிவிட்டாள் என்று ஞானம்பாள் நினைத்தாள். ஏசுபாதத்துக்கு மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தச் சின்ன உடம்பை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கல்பாக்கத்திலிருந்து வந்த துரை, மகளைப் புதைத்த மேட்டில் விழுந்து புரண்டான். மைத்துனனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏசுபாதத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முதலியார் காலனி முனை வரைக்கும் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "வாத்தை அடைச்சேன். மாட்டைக் கட்டினேன். உங்க ஆளுங்களுக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா" என்றார்.

"எனக்கே தோணலீங்களே" என்றான் ஏசுபாதம்.

ஞானம்பாள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததுதான் அவளுக்குக் கொடுமை. விசாரணைக்கு வந்த சதாசிவம் அவள் எதிரிலேயே ஏசுபாதத்தின் முதுகைத் தட்டினார்.

"உன் மேல ஒண்ணும் வராதுய்யா, பயப்படாத. எச்சரிக்கை சொல்லி கையெழுத்து வாங்கியிருக்க. ரெக்கார்டு பக்காவா இருக்கு."

அவர் ஜீப் போன பிறகு ஞானம்பாள் மெதுவாக எழுந்து வந்தாள். "அந்த நோட்டுல இன்னா எழுதிக் கீது? படி" என்றாள்.

"வாணாம் யக்கா."

"படிடா."

அவன் படித்தான். மாடு, வாத்து, கோழி, மீன், நண்டு, ஏழு நாள்.

"இத்தினி நல்லா சொல்லிக் கீறியே," என்றாள் அவள். கோபமில்லாமல், நிஜமாகவே வியந்து சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது. "இத்த வூட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லக் கூடாதா? வாத்துக்குக்கூட சொல்லிக் கீற. எம்பொண்ணு வாத்தவிட மட்டமாடா?"

அதற்குப் பிறகு அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். பேசவில்லை. ஒன்றரை வருஷம் பேசவில்லை. அந்த வீட்டில் நண்டு ரசம் வைக்கிற சட்டி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

அவன் வேலையை விட்டுவிட எழுதிக் கொடுத்தான். சதாசிவம் அதைக் கிழித்துப் போட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, புதிதாகச் சேரும் கிராம சேவக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அவனை மாற்றினார். "உனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஏசுபாதம் முதலில் செய்த காரியம் அந்த அரை நாள் பாடத்தை மூன்று வாரமாக ஆக்கியது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிக்கச் சொல்லிக் கொடுத்தான். விளக்குப் பொறியில் விழுந்த பூச்சிகளைத் தட்டில் கொட்டி எண்ண வைத்தான். தூருக்கு எத்தனை பூச்சி என்று பார்க்காமல் டின்னைத் திறக்காதே என்றான். நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று பிரித்துக் காட்டினான். வகுப்பில் தூங்கியவனை எழுப்பி நிற்க வைத்தான். அவன் தூங்கினால் ஊரில் யாரோ ஒரு குழந்தை எழுந்திருக்காது என்று ஏசுபாதத்துக்குத் தெரியும்.

பயிற்சியின் கடைசி நாள் பத்தொன்பது பேரையும் படாளத்துக்கு அழைத்து வந்தான். முதலியார் வயல் வரப்பில் நின்று வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துக் காட்டி முடித்ததும், எச்சரிக்கை நோட்டில் யார் யார் பேரை எழுதுவீர்கள் என்று கேட்டான். பத்தொன்பது பேரும் வாசுதேவ முதலியார் என்று எழுதினார்கள். நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் பட்டா எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தான்.

"நானும் அப்பிடித்தான் எழுதினேன்" என்றான் ஏசுபாதம். "தம்பிங்களா, நெலம் யாருதுன்னு அப்புறமா கேளுங்க. அந்த நெலத்துல எறங்குற காலு யாருதுன்னு மொதல்ல கேளுங்க. நாத்து நடுறவங்க, களை எடுக்குறவங்க, நண்டு புடிக்கிறவங்க, அத்தினி பேர் வூட்டு வாசல்லயும் போய் நின்னு சொல்லுங்க. உங்களுக்கு நாற்காலி போடாத வூட்டுலதான் மொதல்ல சொல்லணும். அடிக்காம இருக்க முடிஞ்சா அடிக்கவே அடிக்காதீங்க. அடிச்சா, சொல்லாம வூட்டுக்குப் போவாதீங்க. ரெக்கார்டு பக்காவா இருந்தா போதும்னு நெனைச்சீங்கன்னா..."

நோட்டைத் திறந்து காட்டினான். அச்சடித்த கட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்து அவனே மையில் கோடு போட்டு, 'வயலில் இறங்குவோர்' என்று ஒரு புதுக் கட்டம் எழுதியிருந்தான். அது காலியாக இருந்தது.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சேற்றிலிருந்து ஏறி வரப்புக்கு வந்தாள். ஞானம்பாள்.

"இன்னா அடிச்சிக் கீறீங்க?" என்று கேட்டாள், அவனைப் பார்த்தே.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். "வேப்பங்கொட்டைத் தண்ணி யக்கா. விஷம் இல்ல. நண்டு சாவாது, மீனு சாவாது."

"விஷம் அடிச்சா?"

"ஏழு நாளு எதையும் புடிக்கக் கூடாது. திங்கக் கூடாது. குழந்தைங்கள வயலாண்ட உடக் கூடாது." வார்த்தை வார்த்தையாகச் சொன்னான், வீட்டுக்கு வந்து சொல்லாததையெல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள். ஒரு பையன் மைப் பெட்டியைத் திறந்தான். ஏசுபாதம் அவள் கட்டை விரலைப் பிடித்து, காலியாக இருந்த கட்டத்தில் வைத்து அழுத்தினான்.

பதிந்திருந்த ரேகையை ஞானம்பாள் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கைநாட்ட அன்னிக்கு வாங்கியிருந்தா, தம்பி, எம்பாப்பா இன்னிக்கு மூணாங்கிளாஸு படிச்சிகினு இருக்கும்" என்றாள். பிறகு இறங்கி, விட்ட இடத்திலிருந்து களையைப் பிடுங்கத் தொடங்கினாள்.