சட்டை அட்டை வாய்ப்பாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுத்த கடையில் ஓசியில் கிடைத்தது. (தையல் கூலிக்கே பேரம் பேசுகிறவன் நான், கதைக்கா காசு கொடுப்பேன்?)

அந்தத் தையல்காரம்மா, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையைக் கைக்கு வந்தபடி வெட்டி, ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் விடை எழுதியது. எதிரே ஸ்டூலில் மூன்றாம் வகுப்பு மகள். ஏழு எட்டு? ஐம்பத்தாறு. ஆறு ஒன்பது? ஐம்பத்து நான்கு. பட்பட்டென்று வரும்.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் அட்டை காட்டுவாராம். அவர் கை இறங்குவதற்குள் விடை வரவேண்டும். வராதவர்கள் பக்கத்து அறைக்கு, தனி வகுப்புக்கு. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மக்கு ரூம். மகளின் ஒரே சிநேகிதி கணக்கில் புலி, அவள் வகுப்பிலேயே இருந்துவிடுவாள்; இவள் மட்டும் பிரிந்து போகவேண்டிவரும். அம்மாவின் கவலை அதுதான்.

2

"மழை தூறும் ஒரு மாலையில், மகளின் எதிர்காலத்தைத் தைத்துக்கொண்டிருந்த அந்தத் தாய்..."

[இந்த வரியை அடித்தாயிற்று. தையல்காரி எதிர்காலத்தைத் தைத்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானே போய்விடுவேன். மழையும் பெய்யவில்லை.]

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் பேன்ட் வாங்கப் போனபோது, கோணல்மாணலான பழைய அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, ஸ்கேல் வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவாகப் புதிதாக வெட்டி எழுதியிருந்தார். பெருமையாக முதல் அட்டையை நீட்டினார். மகள் அதை வாங்கித் திருப்பினாள். அட்டையின் ஓரங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏழு எட்டு எவ்வளவுடி?"

"அது முனை கிழிஞ்ச அட்டைம்மா. இதுல எல்லா முனையும் ஒழுங்கா இருக்கே."

ஊசி குத்திய ஓட்டை இருந்தால் நாற்பத்திரண்டாம். நீலச் சாக்பீஸ் கறை அறுபத்து மூன்று. கத்தரி வழுக்கிய வளைவு ஐம்பத்து நான்கு. பெண் எண்களைப் பார்த்ததே இல்லை. எனக்கே அடக் கடவுளே என்று ஆகிவிட்டது.

3

இந்த இடத்தில் அம்மாவை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் மகள் முதுகில் ஒன்று வைக்கச் செய்தேன். இரண்டாவதில் அழவைத்தேன். (வீட்டில் கோபப்பட வக்கில்லாத எழுத்தாளன் பாத்திரங்களை ஏவித்தான் கோபப்படுவான்.) உண்மையில் அவர் மெஷினை நிறுத்திவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை அட்டையையும் அடையாளம் வெச்சிருக்கியே, நீயாடி மக்கு?"

பிறகு புது அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு சட்டைக்கு எட்டு பட்டன் என்றால் ஏழு சட்டைக்கு எத்தனை என்று கேட்டார். மகள் வெட்டும் மேசைமேல் இல்லாத சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"அஞ்சு சட்டைக்கு நாப்பது. இன்னும் ரெண்டு சட்டைக்குப் பதினாறு... அம்பத்தாறு."

அதற்குள் நான் பேன்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டே வந்துவிட்டேன். ஆனால் விடை வந்தது, எந்த அட்டையின் அடையாளமும் இல்லாமல் வந்தது. அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

4

முடிவு அ: டக்கென்று சொல்கிறாள், வகுப்பே கைதட்டுகிறது. [காதில் பூ சுற்றுகிறேன் என்பீர்கள்.]

முடிவு ஆ: தனி வகுப்புக்குப் போகிறாள். அங்கே அவள்... [மனசு வரவில்லை.]

அதனால் வகுப்பு வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிடுகிறேன். அட்டை உயர்ந்திருக்கிறது: ஏழு பெருக்கல் எட்டு. அவள் உதடு அசைகிறது. நாற்பது வந்துவிட்டது, இன்னும் இரண்டு சட்டைதான் பாக்கி. சிநேகிதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் எப்படிப்பட்டவர் என்று நான் எழுதவே இல்லை, கவனித்தீர்களா? அந்த இடத்தில் உங்களைத்தான் நிறுத்தியிருக்கிறேன். அட்டை உங்கள் கையில் இருக்கிறது. கை வலித்தாலும் இறக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.