ஆறு சென்ட் தண்ணீர்

நான் வாங்கிய ஆறு சென்ட் நிலத்துக்குள் முதன்முதலாக இறங்கியது என் ஸ்கூட்டர்தான். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. "வரப்புலயே நிறுத்துங்க" என்று பின்னால் இருந்த என் மனைவி பொன்செல்வி சொன்னாள். சொந்த மண்ணில் வண்டியோடு நுழைவதுதான் மரியாதை என்று எனக்கு ஒரு நினைப்பு. எதிரே பச்சைப்பசேலென்று புல் விரித்துக் கிடந்தது. அது புல்லில்லை, தண்ணீரின் மேல் படர்ந்த பாசி, இங்கத்தவர்கள் சொல்லும் பாயல் என்பது முன்சக்கரம் மறைந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டு சரோஜம் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, வண்டியைக் கட்டி இழுத்துக் கரையேற்றினாள். பொன்செல்வி சேலையைப் பிழிந்தபடியே அவளுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள்.

"இவங்கதான் என் வீட்டுக்காரர், கோலப்பன். கண்ணாடிக் கடையில ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்ணுதாங்க."

தரகன் அனூப் எனக்கு இந்த நிலத்தைக் காட்டியது மார்ச்சில், காலை பதினோரு மணி வெயிலில். தரை வெடித்துக் கிடந்தது. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நாஞ்சில் நாட்டில் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவனுக்கு, முன்னால் இருப்பது வயல் என்று தெரிய வேண்டாமா? தெரியவில்லை. மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து ஸ்ரீவராகத்தில் பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தவன் காலி மனையைப் பார்த்தால் அங்கே மண்ணா தெரியும், மாடிப்படி அல்லவா தெரியும். வீட்டுக்காரர் வேறு, அடுத்த சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பழைய வீட்டை இடிக்கப் போகிறார். வண்டி முழுகிய அன்றைக்கே அனூப்புக்கு போன் செய்தேன்.

"டென்ஷன் அடிக்கண்டா சாரே. அது மழைவெள்ளமாக்கும். மழை நின்னா போகும்."

"மழை நின்னு ரெண்டு நாளாச்சு அனூப்."

"அது வேற மழை சாரே."

அரசாங்கப் பட்டியலில் என் ஆறு சென்ட் ஈரநிலம். அதைப் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் வீட்டுக்கு அனுமதி. எடுப்பதற்கு வேளாண்மை அலுவலகத்திலிருந்து அஸ்வதி மேடம் நேரில் வந்து பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். வடக்கே பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற இரண்டு ஆஞ்சிலி மரங்களை வெட்டிவிட்டு, மரத்தின் படம் போட்ட பலகையை நட்டிருந்தார்கள். தெற்குப் பார்த்த பால்கனிக்குக் கூடுதல் விலையாம், இயற்கைக் காட்சி தெரியும் என்பதால். தெரிகிற இயற்கை என் நிலம்தான். அதில் நான் வீடு கட்டினால் காட்சி கெட்டுவிடும் என்று அவர்கள் வருத்தப்பட்டாலும் படுவார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: இங்கே தண்ணீர் நிற்குமா? சாயாக்கடை ராஜையன், "நிக்கவும் செய்யும், போகவும் செய்யும்" என்றார். மேடம் போனில், "ரிப்போர்ட்ல வரும்" என்றார். சரோஜத்திடம் கேட்டால், "சாயா எடுக்கட்டா சாரே?" என்பாள். நான்கு வாரத்தில் எட்டு சாயா குடித்தேன். மேடம் வருகிற நாள் நெருங்க நெருங்க வெட்கத்தை விட்டு, அவர் வந்து கேட்டால் தண்ணீர் நிற்பதில்லை என்று சொல்ல முடியுமா என்றும் அவளிடம் கேட்டுவிட்டேன். அதற்கும் சாயாதான் வந்தது.

பதில் கிடைக்காதவன் வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். நீலநிற நீர்க்கோழி ஒன்று என் பாயலின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடந்துபோகும், முழுகாது. ஸ்கூட்டருக்கு வராத வித்தை. நான் போட்டுவைத்திருந்த வீட்டு வரைபடத்தில் அடுப்படி வருகிற மூலையில், சேம்பிலைகளுக்கு அடியில், அதற்கு நாலு குஞ்சுகள். வீட்டில் இதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அவங்களையே சமைக்கச் சொல்லுங்க" என்றாள் பொன்செல்வி.

மேடம் வருவதற்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. தண்ணீர் சும்மா நிற்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பாயலுக்கு அடியில் மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கே? பையில் கடையின் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக்கூடு ஒன்று இருந்தது. அதை மூடி வடக்கு ஓரத்தில் மிதக்கவிட்டு, மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் கூடவே நடந்தேன். ஐம்பத்தொரு வயது. சாயாக்கடையிலிருந்து ராஜையன் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூடு என் வரவேற்பறையைக் கடந்தது. அடுப்படியில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அரைமணி நேரத்துக்குப் பிறகு தெற்கு வரப்பில் பதித்திருந்த ஒரு குழாய்க்குள் புகுந்தது. நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். சரோஜத்தின் வீட்டுக்குப் பின்னால், அடுக்களைச் சுவரை ஒட்டிய சிறிய கால்வாயில் அது வெளியே வந்தது. அவள் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றேன், மூச்சு வாங்க. "நான் மண்ணடிச்சு வீடு கட்டினா இந்தத் தண்ணி எங்க போகும்?"

சாயா என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த வீடு நிக்கியதும் வயல்லதான் சாரே. இருபது வருசம் முன்ன நாங்களும் லாரியில மண்ணு கொண்டுவந்து தட்டினதாக்கும். அண்ணைக்கு எங்கள ஆரும் தடுக்கல்ல. பின்ன நான் எந்த வாய வச்சு சாரிட்ட வேண்டாம்னு சொல்லுவேன்?"

"வேண்டாம்னு சொல்ல வேண்டாம். எங்க போகும்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு நெசமாவே தெரியல்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் போனேன். படுக்கையறையில் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய், குனிந்து, மெத்தைக்கு ஒரு சாண் மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதுவரைக்கும் வரும்," என்றாள். "இப்ப சாருடைய இடத்தில கெடந்துட்டுப் பையப் போகுது. அங்க மண்ணு விழுந்தா எல்லாம் ஒண்ணா இங்கதான் வரும்."

கையை எடுத்தாள். நீலச் சுண்ணாம்புச் சுவரில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. உள்ளங்கை பட்ட இடத்தில் இரண்டு மூன்று மீன்செதில்கள் ஒட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கின.