யூரியாப் பைக்குள் ஆறு அரிவாள்

தை மாதத்தில் மூன்று நாள் மழை கொட்டி ஓய்ந்தபோது, கண்டாவளையில் நல்லதம்பியின் இரண்டு ஏக்கர் நெல்லும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வெட்டு மெசின்காரன் வரம்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, "புதைஞ்சால் ஆர் இழுக்கிறது?" என்று போய்விட்டான். இன்னும் இரண்டு நாள் விட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். கையால்தான் வெட்ட வேண்டும்.

தன்னையும் சேர்த்து ஐந்து பெண்கள் விடிய வருவதாக, கூலிக்கு அருவி வெட்டுக்குப் போகும் ஜெயரூபி சொன்னாள். "அரிவாள் நீங்கள்தான் தரவேணும் ஐயா. மெசின் வந்த பிறகு எங்களிட்ட ஏது?"

நல்லதம்பியிடம் ஆறு இருந்தன. இரவல் வாங்குகிறவன் திருப்பித் தரமாட்டான் என்று யூரியாப் பையொன்றில் கட்டி, கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஏழு வருடம் கழித்து அவிழ்த்தால், பையின் அடியில் மிஞ்சிக் கிடந்த உரம் ஈரத்தைக் குடித்துக் கசிந்து, ஆறும் துருவேறிக் கறள் கட்டிக் கிடந்தன.

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை. உரம் திண்டிட்டுது," என்றாள் மனைவி நாகேஸ்வரி. "புளித்தண்ணியில ஊறப்போடுங்கோ."

"புளி மீனுக்கு. நீ உன்ரை வேலையைப் பார்."

ஒன்றை எடுத்துச் சாணைக்கல்லில் வைத்து விடாமல் தேய்த்தார். கறள் போனது. கூடவே பல்லும் போனது. நெல் அறுக்கும் அரிவாளுக்குப் பல்தான் எல்லாம். அது தெரியாதவர் அல்ல அவர்; கோபத்தில் தேய்த்துவிட்டார்.

குசினிக்குள் போய்ப் புளிப்பானையைத் தூக்கினார்.

"அது வருசத்துக்கு வாங்கின புளி."

"சோறில்லாமல் புளியை எதில ஊத்தப்போறாய்?"

அவள் பெரிய பேசினைக் கொண்டுவந்து வைத்தாள்.

மிஞ்சிய ஐந்தும் ஊறின. நம்பிக்கையில்லாமல் அரைமணிக்கொருதரம் தூக்கிப் பார்த்தார். மத்தியானத்துக்குப் பிறகு கறள் இளகியது. தேங்காய்த்தும்பில் சாம்பலைத் தொட்டு, பல்லுப் பல்லாகத் தேய்த்தார். விரல் நுனி வெடித்து, புளி பட்டு எரிந்தது. விடவில்லை. கழுவி, அடுப்பு வெக்கையில் காயவைத்து, தேங்காயெண்ணெய் பூசினார். பொழுது சாயுமுன் வயலில் இறங்கி ஒவ்வொன்றாலும் ஒரு பிடி வெட்டிப் பார்த்தார். ஐந்தும் வெட்டின.

விடிந்ததும் ஐந்து பேருக்கும் நீட்டினார். "ஒருத்தியும் வீட்டை கொண்டுபோகப்படாது."

ஜெயரூபி முதல் பிடியை அறுத்து நிமிர்ந்தாள். "புதுசு மாதிரி இருக்கு. எங்கை வாங்கினியள்?"

"கதையாதை. வெட்டு."

அவர் சாரத்தை மடித்துக் கட்டி முழங்கால் சேற்றில் இறங்கினார். வெட்டிய கதிரைத் தூக்கி வரம்பில் போட ஆள் வேண்டுமே.