தொண்ணூறு நாளில் உக்கும் பை

மல்லாவியில் மரக்கறிக் கடை வைத்திருந்த சபூறாவிடம், தொண்டு நிறுவன உத்தியோகத்தன் பிரதாபன் இருபது பைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்வைக்குச் சொப்பிங் பை மாதிரித்தான் இருந்தன. ஆனால் சோளமாவில் செய்தவையாம்.

"வளவுக்குள்ள தாட்டு விடுங்கோ அக்கா. தொண்ணூறு நாளில உக்கிப் பசளையாப் போயிடும். வெளிநாட்டில இருந்து ஒரு அம்மா பாக்க வருவா."

சபூறாவுக்கு அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் குழி தோண்டி அவற்றைத் தாட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். எண்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல் கிளறிப் பார்த்தாள். இருபதும் அப்படியே கிடந்தன. பயந்துபோய்ப் பிரதாபனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, ஒண்டும் உக்கேல்லை."

"தண்ணி விட்டனீங்களோ?"

"கத்தரிக்கு விட்டதிலும் கூட விட்டனான்."

மறுமுனையில் பையொன்று சரசரத்தது. "இன்னும் ஆழமாத் தாட்டு விடுங்கோ அக்கா."

"ஆழமாத் தாட்டா உக்குமோ?"

"உக்காது. ஆனா வெளியில தெரியாது."

சபூறா அதற்கு உடன்படவில்லை. பழைய ஆழத்திலேயே மூடி வைத்தாள்.

தொண்ணூறாம் நாள் அந்த வெள்ளைக்கார அம்மா வந்து இறங்கினார். எல்லோரும் பார்த்து நிற்க, சபூறா குழியைத் தோண்டினாள்.

"மூண்டு மாசம் தாட்டு வச்சனான். வச்ச மாதிரியே கிடக்கு" என்றாள்.

பிரதாபன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்: "மூன்று மாதம் மண்ணில் கிடந்தும் பையின் தரம் குறையவில்லையாம்." அந்த அம்மா கைதட்டினார்.

உயர்தரம் படிக்கும் மகள் ஷிஹானாவுக்குப் பொறுக்கவில்லை. "உம்மா அப்பிடிச் சொல்லேல்லை" என்று, உள்ளதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பையைத் தூக்கி, அடியிலிருந்த பொடி எழுத்தை வாசித்தார். பெரிய பசளைத் தொழிற்சாலையில், அறுபது பாகை வெப்பத்தில் மட்டுமே உக்கும் என்று போட்டிருந்தது. ஷிஹானா அதை உம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்படியொரு தொழிற்சாலை இங்கே எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"வன்னியில இல்லை" என்றான் பிரதாபன்.

"எங்கட வெயில் காணாதாமோ?" என்றாள் சபூறா. அதை மொழிபெயர்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளுக்குக் கோபம் முட்டியது. "இதை வாசிச்சுப்போட்டெல்லோ தந்திருக்கோணும்! இவ்வளவு நாளும் நான் என்னிலதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நீங்கள் போன் எடுத்த அண்டைக்குத்தான் நானும் வாசிச்சனான்." அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாயிருந்தது.

இரண்டு மாதத்தில் திட்டம் பெயர் மாறி வந்தது. 'உக்கும் பை' இப்போது 'உறுதியான பை'. கூடவே இரண்டாயிரம் பைகளும் வந்தன.

"உங்கட ஒபீஸ் வளவிலயே தாட்டு வையுங்கோ" என்று சபூறா பைகளை அவை வந்த வாகனத்திலேயே திருப்பி அனுப்பினாள். பிறகு, வீட்டிலிருந்து பை கொண்டுவந்தால்தான் மரக்கறி என்று மட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள்.

முதல் வாரம் வாடிக்கைக்காரரில் பாதிப்பேர், சொப்பிங் பை சும்மா கொடுக்கும் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பிரதாபனின் மனைவி தேனுகாவும் அவர்களில் ஒருத்தி.