ஒவ்வொரு செல்லையுமா?

பஞ்சவர்ணம் இருபத்தோரு வருடம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். சட்டையைக் கையில் எடுத்தால் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவாள். மனிதர்களையும் அப்படித்தான்.

நுரையீரலில் புற்றுநோய் என்றதையே அவள் லேசில் நம்பவில்லை. தினம் ஒரு மாத்திரை போதும் என்றபோது இன்னும் சந்தேகம். பத்தாம் நாள் முகமெல்லாம் பரு கிளம்பியதும் முடிவே கட்டிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் பருவா? மாத்திரை போலி.

“அன்னைக்கே சொன்னேன் அண்ணி, அது விஷம்,” என்றார் கொழுந்தன் மகேந்திரன். விஜயநகரில் வீடு, பென்ஷன், ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சி, ‘செல் நல ஆலோசகர்’ என்று அச்சடித்த கார்டு. வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்ற மாட்டார். “நிறுத்துங்க. நாளைக்கு நம்ம பவுடர் கொண்டாறேன்.”

நிறுத்தினால் கட்டி வளரும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். அன்றைய மாத்திரையை விழுங்காமல், அட்டையோடு போய் டாக்டர் ரூபாவின் மேஜையில் வைத்தாள்.

“இது அசல்தானுங்களா? என் மூஞ்சியப் பாருங்க.”

“நோடிம்மா, பாருங்க,” என்று கன்னடம் கலந்தே தொடங்கினார் டாக்டர். “செல்லோட மேல்பரப்புல ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு. காலிங் பெல் மாதிரி. வெளியே யாராவது அழுத்தினா உள்ளே ‘வளரு’ன்னு தகவல் போகும். உங்க கட்டியில அந்த பெல் சிக்கிக்கிட்டு, யாரும் அழுத்தாமலே அடிக்குது. மாத்திரை அதை நிறுத்தப் பாக்குது.”

“நுரையீரல்ல அடிக்கிற பெல்லுக்கு மூஞ்சி என்னங்க பண்ணுச்சு?”

“தோல்லயும் அதே பெல்தான். தோல் நல்லா இருக்க அது அடிக்கணும். மாத்திரை அங்கேயும் கை வைக்குது, அதான் பரு. களிம்பு தர்றேன். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.”

“அப்ப கட்டி கரையுதுங்களா?”

“அதை ஸ்கேன்தான் சொல்லணும்.”

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் பஞ்சவர்ணம் நம்பியிருக்க மாட்டாள். ஆனாலும் மாத்திரையை மறுநாள்வரை விழுங்காமலே வைத்திருந்தாள்.

மகேந்திரன் டப்பாவோடு வந்தார். சோபாவில் சாய்ந்து, ஹாலில் இருநூறு பேர் கேட்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

“இது உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லையும் தட்டி எழுப்பி வளர வைக்கும், அண்ணி.”

“ஒவ்வொரு செல்லையுமா, தம்பி?”

“ஒண்ணு விடாம.”

“என் கட்டியும் செல்லுதானே?”

மகேந்திரன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இரண்டு நாள் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

பஞ்சவர்ணம் அட்டையிலிருந்த தேதியை இன்னொரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் சரிபார்த்தாள். பிறகு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே விழுங்கினாள்.