குழி நிரப்பிய சுவர்

கிடங்குச் சுவர் வெடியைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனைக்கு ஐந்து சுவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பொக்காவே ஊரில் பட்டாசுக் கிடங்குகளுக்குச் சுவர் எழுப்பி எழுப்பியே எனக்கு நரைத்துவிட்டது.

"வழக்கமா எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே கட்டுங்க மேஸ்திரி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார் மணிலாவிலிருந்து வந்த இஞ்சினியர் லிகாயா.

தலையாட்டினேன். அவர் சாப்பிடப் போன நேரமெல்லாம் ஹாலோ பிளாக்கின் எல்லாக் குழிகளிலும் கலவையைக் கொட்டினேன். வழக்கமாக மூன்று குழிக்கு ஒன்றைத்தான் நிரப்புவோம். மணிலாக்காரர்கள் முன்னால் இந்த அன்செல்மோவின் சுவர் விழுவதா?

ஒரு மாதம் காய்ந்தபின் வெடித்தார்கள். ஐந்தும் அசையவில்லை. சேவல் சண்டையில் ஜெயித்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

லிகாயா சிரித்தார். "அஞ்சுக்கு அஞ்சு! அப்போ கிடங்கை ஒட்டின பால்வாடியை மாத்தவே வேண்டாம். அந்தச் சுவரும் நீங்க கட்டினதுதானே?"

நான் கட்டியதுதான், மூன்று குழிக்கு ஒன்றாக. அங்கே டீச்சர் என் மனைவி பெர்லா. சுவரோரம் குளிர்ச்சி என்று பிள்ளைகளின் பாயை அங்கேதான் விரிப்பாள்.

"மேடம், அந்தக் கணக்கை எழுதாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. பால்வாடியை அன்றே மாதா கோயில் கூடத்துக்கு மாற்றச் சொல்லி போன் பண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் அஞ்சு கட்டுங்க. இந்தத் தடவை நான் சாப்பிடக்கூடப் போகமாட்டேன்."

போகவும் இல்லை. கருவாடும் சோறுமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்து குழி எண்ணினார்.

மறுபடி ஒரு மாதம். மறுபடி வெடி. மூன்று சுவர்கள் பொலபொலவென்று சரிந்தன. என் ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

"மூணு போச்சு. பால்வாடி இனிமே அந்தப் பக்கம் போகாது" என்று லிகாயா எழுதிக்கொண்டார்.

நான் கோயில் கூடத்துக்கு ஓடினேன். வாசலில் நின்றே கத்தினேன். "பெர்லா! என் சுவர் விழுந்துடுச்சு! ஒண்ணில்ல, மூணு!"

"அதுக்கு ஏன்யா இப்படிப் பல்லைக் காட்டுற?" என்றாள் அவள். "மெதுவாப் பேசு, பிள்ளைங்க தூங்குது."

எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர், வாயைப் பிளந்துகொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சத்தமில்லாமல்.